பி.பி. நம்பர்

மன்னார்குடி வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மேலே புனல் போன்ற வாய், அதனடியில் சீசாப் பலகை போலச் சாயும் இரட்டைக் கிண்ணம். 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒரு கிண்ணம் கவிழ்ந்து மற்றது நிமிரும். கீழே கூடத்து அலமாரியில் உள்ளங்கையளவுக் கணினி ஒன்று அந்தக் கவிழ்ப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். சென்னையில் இருந்தபடி நான் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பேன். டெல்டாவில் மழை பெய்கிறதா என்பது எங்கள் குடும்பத்தில் வானிலைச் செய்தி அல்ல, நலம் விசாரிப்பு.

ஐப்பசியில் ஓர் இரவு கணக்கு நின்றுபோனது. சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

“கரண்டு போயிட்டு இப்பதான்டா வந்துச்சு. பெட்டியில பச்சை லைட்டு எரியுது. டிவியில நெட்டு ஓடுது. வெளியில மழை ஊத்துது. உனக்கு மட்டும் என்னடா தெரியல?”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கணினி ஓடியது, இணைப்பு இருந்தது, மழையும் பெய்தது. மாறியது ஒன்றே ஒன்று: அந்த வீட்டை வெளியிலிருந்து கூப்பிடும் எண். கரண்ட் போவதற்கு முன் அது 203.0.113.45 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். வந்தபின் 203.0.113.112. நான் பழைய எண்ணின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அங்கே அதற்குள் வேறு யாராவது குடியேறியிருக்கவும் கூடும்.

இந்த இரண்டும் எங்கள் வீட்டின் மெய்யான எண்கள் அல்ல. 203.0.113 என்று தொடங்கும் 256 எண்களை, நூல்களிலும் விளக்கக் குறிப்புகளிலும் எடுத்துக்காட்டாக எழுதுவதற்கென்றே 2010இல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எவர் வீட்டுக் கதவையும் வாசகர் தெரியாமல் தட்டிவிடக் கூடாது என்ற அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பி.பி. நம்பர் நினைவிருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று அச்சிட்டிருப்பார்கள். எண் அவர்களுடையது அல்ல. பக்கத்து வீட்டுக்காரருடையது, அல்லது தெருமுனை மளிகைக் கடையுடையது. நாம் கூப்பிட்டால் கடைக்காரர் எடுத்து, “அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க, ஆளனுப்பிக் கூப்பிடச் சொல்றேன்” என்பார். அந்த வீட்டார் வெளியே பேசுவதில் சிரமம் இல்லை. கடைக்குப் போய்க் காசு கொடுத்துச் சுழற்றினால் போதும். உள்ளே வரும் அழைப்புதான் பாடு. எந்த வீடு என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆளனுப்ப மனமும் இருக்க வேண்டும். இன்று நம் வீடுகளுக்கு வரும் இணைய இணைப்பு, எத்தனை வேகமானதாக இருந்தாலும், பெரும்பாலும் இந்தப் பி.பி. நிலையில்தான் இருக்கிறது. ஏன் இப்படி ஆனது, இதிலிருந்து ஒரு வீடு எப்படி வெளியே வரலாம் என்பதே இந்த அத்தியாயம்.

*

முதலில் எண்ணைப் பற்றி. ஐ.பி. முகவரி என்று நாம் சொல்லும் எண் ஒரு கணினியின் பெயர் அல்ல. அது அந்தக் கணினி இருக்கும் இடம்.

மன்னார்குடியின் பின்கோடு 614001. டெல்லியில் தபால் பிரிப்பவர் ஆறு இலக்கங்களையும் மனத்தில் வாங்க வேண்டியதில்லை. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று அந்தப் பைக்குள் போட்டுவிடலாம். மிச்ச இலக்கங்களைப் பார்ப்பது தெற்கே உள்ளவர்கள் பாடு. இணையத்தின் ரவுட்டர்களும் இப்படித்தான். எண்ணின் முன்பகுதியைப் பார்த்து, இது இன்ன நிறுவனத்தின் திசை என்று தள்ளிவிடுகின்றன. இப்படித் தொகுதி தொகுதியாகப் பார்த்தே, உலகின் பெரிய ரவுட்டர்கள் வைத்திருக்கும் வழிப்பட்டியல் பத்து லட்சம் வரிகளை நெருங்கிவிட்டது. ஒவ்வொரு வீடும் தன் எண்ணைத் தன்னோடு தூக்கிக்கொண்டு ஊர் மாறலாம், நிறுவனம் மாறலாம் என்றால் அந்தப் பட்டியல் நூறு கோடிகளில் போகும். எந்த இயந்திரமும் அதைச் சுமக்காது. வீடு மாறும்போது பழைய பின்கோடை எடுத்துப்போக முடியாதது போலத்தான் இதுவும்.

ஆகவே ‘எனக்கென்று மாறாத ஓர் எண்’ என்ற ஆசையே எண்ணின் இயல்போடு கொஞ்சம் முரண்பட்டது. நமக்கு வேண்டியது மாறாத அடையாளம். அதை இடத்தைக் குறிக்கும் எண்ணிடம் போய்க் கேட்கிறோம்.

சரி, இடம் மாறாதபோதும் எண் ஏன் மாறுகிறது? எங்கள் வீடு அதே தெருவில்தானே இருக்கிறது?

இது தொலைபேசிக் காலத்துப் பழக்கம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, மோடம் கீச்சிட்டுக் கத்தி, தொலைபேசி வழியே எதிர்ப்பக்கத்து மோடத்தைப் பிடிக்க வேண்டும். ஆயிரம் சந்தாதாரர்கள் இருந்தாலும் ஒரே நேரத்தில் நூறு பேர்தான் வருவார்கள் என்றால் நூறு மோடம் போதும், நூறு எண்ணும் போதும். யார் உள்ளே வருகிறாரோ அவருக்குக் காலியாக இருக்கும் எண். அவர் போனதும் அடுத்தவருக்கு. பேருந்து இருக்கை மாதிரி. இருபத்துநான்கு மணி நேரமும் இணைப்பில் இருக்கும் ஃபைபர் வந்த பிறகும் அந்த ஏற்பாடு போகவில்லை. இன்றும் பல வீடுகளில் ரவுட்டர் எழுந்ததும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி உள்ளே நுழைகிறது. கீச்சொலி மட்டும்தான் இல்லை. நுழையும் ஒவ்வொரு தடவையும் நிறுவனம் தன் குவியலிலிருந்து ஓர் எண்ணை எடுத்து நீட்டுகிறது. கரண்ட் போய் வந்தால் புது நுழைவு, புது எண்.

வீட்டுக்குள்ளும் இதே போன்ற ஒரு வழங்கல் நடக்கிறது. ரால்ஃப் டிரோம்ஸ் எழுதி 1993இல் வெளிவந்த டி.எச்.சி.பி. என்ற நெறிமுறை அது. புதிதாக வரும் கைபேசி, ‘இங்கே எண் கொடுப்பவர் யாராவது உண்டா?’ என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கூவுகிறது. ரவுட்டர், ‘இந்த எண் காலி’ என்கிறது. ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறது கைபேசி. ‘ஆகட்டும்’ என்று முடிகிறது பேரம். கொடுப்பது சொந்தமாக அல்ல, குத்தகைக்கு. அந்த நெறிமுறையே அதைக் குத்தகை என்றுதான் அழைக்கிறது. காலம் பாதி கடந்ததுமே கைபேசி புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிடும். தஞ்சைப் பக்கத்துக் குத்தகைதாரர் எவருக்கும் இந்த முன்யோசனையை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் முதல் வேலை இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போய், ‘இந்த வன்பொருள் எண் கொண்ட கணினிக்கு எப்போதும் 192.168.1.7தான்’ என்று எழுதி வைத்துவிடலாம். வீட்டுக்குள் அதன் இடம் நிலையாகிவிடும். வாசலுக்கு வெளியே இருக்கும் எண்தான் நம் கையில் இல்லை.

*

அது ஏன் நம் கையில் இல்லை என்பதற்கு 1977 வரை போக வேண்டும். இணையத்தின் நெறிமுறைகளை வகுத்துக்கொண்டிருந்த விண்ட் செர்ஃப், முகவரிக்கு 32 பிட் போதும் என்று அந்த ஆண்டில் முடிவு செய்தார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சோதனை, முதிர்ந்த பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். 32 பிட் என்றால் 4,294,967,296 எண்கள். ஏறத்தாழ 429 கோடி. அந்த நெறிமுறை 1981இல் இறுதி வடிவம் பெற்றபோது உலக மக்கள்தொகையே 450 கோடி அளவில் இருந்தது. ஆளுக்கொன்று என்பது அன்றே கணக்கில் வராத விஷயம்.

தொடக்கத்தில் வாரிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே ஒரு கல்வி நிறுவனத்திடம் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் எண்கள் இருந்தன. 2017இல் அதில் ஒரு பகுதியை அந்த நிறுவனம் விற்றது. விலை வைத்து விற்கும் காலம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2011இல் திவாலான நார்டெல் நிறுவனத்தின் 666,624 எண்களை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஓர் எண்ணுக்குப் பதினொன்றே கால் டாலர். கையால் தொட முடியாத ஓர் எண் நிலம் போலக் கைமாறத் தொடங்கியது.

அதே 2011 பிப்ரவரி 3 அன்று, எண்களின் மையக் கிடங்கில் மிஞ்சியிருந்த ஐந்து பெருந்தொகுதிகளையும், எண்களைப் பங்கிடும் உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து கொடுத்தார்கள். கிடங்கு காலி. ஏப்ரல் 15 அன்று ஆசிய பசிபிக் பதிவகம் தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, இனி சிறுகச் சிறுகத்தான் என்று அறிவித்தது. இந்தியாவில் கோடிக்கணக்கானோர் இணையத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. ஜியோ தொடங்கியதே 2016 செப்டம்பரில். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து உட்கார்ந்தவர்கள் நாம். நம் ஊர் இணைப்புகள் இப்படி இருப்பதற்கு உள்ளூர் நிறுவனங்களின் கஞ்சத்தனத்தைக் காரணமாகச் சொல்லும்போது இந்தத் தேதிகளை நினைத்துப் பார்ப்பது நியாயம்.

பற்றாக்குறை வரும் என்று தெரிந்ததும் 1994இல் ஒரு தற்காலிக வைத்தியம் கண்டார்கள். வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே எண். உள்ளே இருப்பவர்களுக்கு 192.168 போன்ற உள்ளூர் எண்கள். அவை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மறுபடி மறுபடி புழங்கும் எண்கள், வெளியே செல்லாக்காசு. இடையில் நிற்கும் ரவுட்டர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. உள்ளேயிருந்து யாராவது வெளியே பேசினால், ‘இந்தக் கேள்வியைக் கேட்டது கூடத்துக் கணினி’ என்று குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஏதாவது வந்தால் பதிவேட்டில் குறிப்பு இருக்காது. ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடும்.

பி.பி. கடைக்காரரேதான். அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்: ‘8443 என்று கேட்டு யார் வந்தாலும் கூடத்துக் கணினியிடம் அனுப்புங்கள்.’ இதைத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்கிறோம். போர்ட் என்பது ஒரே முகவரிக்குள் இருக்கும் கதவு எண். அந்த ஏற்பாட்டில்தான் எங்கள் மழைமானி ஓடிக்கொண்டிருந்தது, எண் மாறிய அந்த இரவு வரை.

*

மாறும் எண்ணுக்கு மருந்து இணையத்திடமே இருந்தது, வேறொரு நோய்க்காகக் கண்டுபிடித்தது.

தொடக்க கால இணையத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் அதை உடைத்துப் பரப்பினார். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களைத் தானே வைத்துக்கொள்ளும், கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும். அதுதான் டி.என்.எஸ்.

அவர் செய்த ஒரு சின்ன ஏற்பாடு நம் காரியத்துக்கு உயிர்நாடி. பெயரைக் கேட்பவருக்கு எண்ணோடு சேர்த்து ஒரு காலக்கெடுவும் போகும்: ‘இந்தப் பதிலை இத்தனை நொடிக்கு நம்பலாம், பிறகு மறுபடி கேள்.’ கெடுவை ஒரு நாள் என்று வைத்தால் எண் மாறியது உலகுக்குத் தெரிய ஒரு நாள் ஆகலாம். அறுபது நொடி என்று வைத்தால் ஒரு நிமிடத்தில் எல்லோரும் புதிதாகக் கேட்பார்கள். 1997இல் பெயர்ப் பதிவை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றும் முறையும் வகுக்கப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்தால் டைனமிக் டி.என்.எஸ். கிடைத்துவிடுகிறது.

செய்முறை எளிது. கூடத்துக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே உள்ள ஒரு சேவையிடம், ‘உன் பக்கத்திலிருந்து பார்த்தால் என் எண் என்ன?’ என்று கேட்கிறது. ஏன் வெளியே கேட்க வேண்டும்? கணினிக்குத் தெரிந்தது 192.168.1.7 மட்டுமே. தன் முதுகு தனக்குத் தெரியாது. வந்த பதில் சென்ற முறை வந்ததே என்றால் வேலை இல்லை. மாறியிருந்தால் பெயர் சேவைக்கு, நமக்கும் அதற்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லோடு புது எண்ணை அனுப்புகிறது. அவ்வளவுதான். பத்து வரி நிரல். டக் டி.என்.எஸ். போன்ற இலவசச் சேவைகள் இருக்கின்றன. பல ரவுட்டர்களுக்குள்ளேயே இந்த வசதி உண்டு.

எண் மாறும் கணத்தில் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு மட்டும் அறுந்துவிடும். ஓர் இணைப்பு என்பதே இரு முனைகளின் எண்களையும் போர்ட்டுகளையும் கோத்துக் கட்டிய முடிச்சு. ஒரு நுனி மாறினால் முடிச்சு அவிழ்ந்தது. மழைக் கணக்குக்கு அதனால் நட்டமில்லை. மீண்டும் பெயரைக் கேட்டு மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

சித்தப்பாவிடம் விளக்கியபோது அவர் கேட்டார்: “மாறாத நம்பரே காசு குடுத்தா குடுக்க மாட்டானாடா?” கொடுப்பார்கள். பல நிறுவனங்கள் தனிச் சந்தா வாங்கிக்கொண்டு ஸ்டாடிக் ஐ.பி. தருகின்றன. வாங்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் சில வேலைகளில் உண்டு. சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துபவருக்கு வேண்டும். மாறும் எண்களின் தொகுதிகளிலிருந்து நேராக வரும் அஞ்சலைப் பெரிய அஞ்சல் சேவைகள் குப்பை என்றே ஒதுக்கும். ‘இந்த எண்ணிலிருந்து வந்தால் மட்டும் உள்ளே விடு’ என்று வங்கியோ அலுவலகமோ கேட்டாலும் வேண்டும். மழைமானிக்கும் வாசல் கேமராவுக்கும் வீட்டுப் புகைப்படக் கிடங்குக்கும் மாறாத பெயரே போதும் என்பது என் அழுத்தமான கருத்து. எண்ணுக்குச் சந்தா கட்டினால் நிறுவனம் மாறும் நாளில் அந்த எண் போய்விடும். பெயர் நம்மோடு வரும்.

*

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நாள் பெயரும் சரியாக இருந்தது, எண்ணும் சரியாக இருந்தது, வீட்டிலிருந்து பதில் மட்டும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போர்ட் ஃபார்வர்டிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரணம் மாலையில்தான் புலப்பட்டது. ரவுட்டரின் பக்கத்தில், வெளிப்புற எண் என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் ஏதோ இருந்தது. வெளிச் சேவையிடம் கேட்டால் முற்றிலும் வேறோர் எண். இணைப்பு தருபவர் முன்னறிவிப்பு இல்லாமல் எங்கள் தெருவையே இன்னொரு பி.பி. கடைக்குப் பின்னால் தள்ளியிருந்தார்.

2012இல் 100.64 முதல் 100.127 வரையிலான 41,94,304 எண்களை இந்தக் காரியத்துக்கென்றே ஒதுக்கினார்கள். வீட்டுக்குள் நடந்த பகிர்தலை இப்போது நிறுவனமும் செய்கிறது. ஒரு பொது எண்ணுக்கு 65,536 போர்ட்டுகள். வீட்டுக்கு ஆயிரம் என்று பிரித்தால் அறுபத்தைந்து வீடுகள் ஒரே எண்ணில் குடித்தனம் நடத்தலாம். வீட்டு ரவுட்டருக்கு நாம் கட்டளையிடலாம். நிறுவனத்தின் ரவுட்டருக்கு நாம் யார்? அந்தக் கடைக்காரரிடம் எதையும் சொல்லி வைக்க முடியாது. நம் எண்ணைப் பகிரும் யாரோ ஒருவர் சேட்டை செய்தால், ‘நீங்கள் மனிதர்தானா?’ என்ற கேள்வி நமக்கும் வந்து நிற்பது இதனால்தான்.

உங்கள் வீடும் இப்படியா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ரவுட்டர் காட்டும் வெளிப்புற எண்ணையும் வெளிச் சேவை காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் டைனமிக் டி.என்.எஸ். போதும். வெவ்வேறு என்றால் வெளியிலிருந்து தட்டும் வழி அடைபட்டது. உள்ளேயிருந்துதான் திறக்க வேண்டும்.

உள்ளேயிருந்து எப்படித் திறப்பது? இரண்டு பி.பி. வீட்டார் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தெரிந்த மூன்றாமவர் ஒருவர், ஒவ்வொருவருக்கும் மற்றவரின் வெளி எண்ணையும் போர்ட்டையும் சொல்லிவிடுகிறார். இருவரும் ஒரே நேரத்தில் வெளியே பேசுகிறார்கள். இரு பக்கத்துப் பதிவேட்டிலும் ‘நம் ஆள் இவரிடம் பேசியிருக்கிறார்’ என்று குறிப்பு விழுகிறது. எதிரிலிருந்து வருவதைப் பதில் என்று நம்பி இருவரின் கடைக்காரர்களும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப் அழைப்பு போன்றவை இரு கைபேசிகளுக்கிடையே நேராகப் பாயும்போது இந்த உத்திதான் வேலை செய்கிறது. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதை வீட்டுக் கணினிகளுக்கும் கொண்டுவந்திருக்கின்றன. சில ரவுட்டர்கள் ஒவ்வோர் எதிராளிக்கும் வெவ்வேறு போர்ட் திறப்பதால் அங்கே இது பலிக்காது. அப்போது நடுவில் ஒருவர் வாங்கித் தர வேண்டியதுதான்.

நான் நடுவில் ஒருவரை நானே அமர்த்திக்கொண்டேன். மும்பை டேட்டா சென்டர் ஒன்றில், மாறாத எண் கொண்ட சிறிய சர்வர், மாத வாடகைக்கு. கூடத்துக் கணினி அதற்கு உள்ளேயிருந்து ஒரு சுரங்கம் போட்டு வைக்கிறது. நான் மும்பை எண்ணைத் தட்டினால் அது சுரங்கம் வழியே மன்னார்குடிக்கு அனுப்பும். மழைக் கணக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே போய், மறுபடி அவ்வளவு தூரம் சென்னைக்கு வருகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐந்து மில்லிநொடி. மழைக்கு அது ஒரு தாமதமே அல்ல.

இந்தச் சுரங்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட வயர்கார்டைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸின் 5.6ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதில் ஓர் எதிராளி யார் என்பதை எண் சொல்வதில்லை, 256 பிட் நீளமுள்ள ஒரு சாவி சொல்கிறது. அந்தச் சாவியால் முத்திரையிட்ட பொட்டலம் எந்த எண்ணிலிருந்து வந்தாலும் சர்வர் ஏற்றுக்கொண்டு, ‘இவர் இப்போது இங்கே இருக்கிறார்’ என்று தன் குறிப்பைத் திருத்திக்கொள்ளும். வீட்டின் எண் நள்ளிரவில் மாறினால் அடுத்த பொட்டலம் புது எண்ணிலிருந்து போகும். சுரங்கம் அறுவதில்லை. நிறுவனத்தின் பதிவேட்டில் குறிப்பு காய்ந்துபோகாமல் இருக்க 25 நொடிக்கு ஒருமுறை வீடு ஒரு சிறு பொட்டலம் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆள் வேறு, ஆள் இருக்கும் இடம் வேறு என்று 1977இல் பிரித்து வைக்காததை இங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி, மழைமானி மறுபடி பேசியதால் வந்ததைவிடப் பெரியது.

*

முகவரியையே பெரிதாக்கிவிட்டால் இவ்வளவு சுற்று எதற்கு என்று கேட்கலாம். அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஐ.பி.யின் ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட். ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் மிகச் சிறிய பங்கிலேயே பழைய இணையம் முழுவதையும்போல 429 கோடி மடங்கு எண்கள் அடங்கும். பந்திக்குப் பிந்தி வந்ததாலோ என்னவோ, இதை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. நம் கைபேசிகளில் பாதிக்கு மேற்பட்டவை இப்போதே அதில்தான் பேசுகின்றன. உங்கள் வீட்டு ஃபைபரும் அதைத் தந்தால் சுரங்கம் இல்லாமலே கைபேசியிலிருந்து வீட்டை நேராக எட்டலாம். ஆனால் வீட்டுக்குத் தரும் முன்பகுதி இதிலும் பல இடங்களில் நுழைவுக்கு நுழைவு மாறுகிறது. பெயரை மாற்றிக்கொண்டே இருக்கும் அந்தப் பத்து வரி நிரல் அப்போதும் வேண்டும். எங்கள் தெருவுக்கு இன்னும் அது வரவில்லை.

திறந்த கதவைப் பற்றியும் சொல்லாமல் போவது பொறுப்பாகாது. ‘என் வீட்டு எண் யாருக்குத் தெரியப்போகிறது’ என்று பலர் நினைக்கிறார்கள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியால், ஒரே ஒரு கணினியிலிருந்து, பழைய இணையத்தின் எல்லா முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டார்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு கதவையும் யாரோ எந்நேரமும் அசைத்துப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வதே நலம். 2016இல் மிராய் என்ற தீநிரல் அப்படித்தான் பரவியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்கள், ரவுட்டர்கள் என லட்சக்கணக்கானவற்றை, அறுபத்துச் சொச்சம் கடவுச்சொற்களை மட்டும் முயன்று அது பிடித்தது. அந்தப் படை அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் பல மணி நேரம் முடக்கியது. அந்த டைன்தான், மாறும் எண் கொண்ட வீடுகளுக்கு மாறாத பெயர் கொடுப்பதை 1990களின் இறுதியில் உலகெங்கும் பரப்பியது. வீடுகளை எட்ட வழி செய்தவர்களை, வீடுகளில் இருந்த கருவிகளைக் கொண்டே வீழ்த்தினார்கள். என் வீட்டில் கேமராவும் மழைமானியும் வெளியுலகுக்கு நேராகத் தெரிவதில்லை. சாவி இருப்பவருக்கு மட்டும் திறக்கும் சுரங்கம் ஒன்றுதான் வாசல். நீங்களும் அதைத் தாண்டி எதையும் திறக்காதீர்கள்.

சென்ற கார்த்திகையில் மறுபடி ஓர் இரவு மழை. மும்பை சர்வரின் குறிப்பேட்டில் 11.41க்கு மன்னார்குடியின் கடைசிப் பொட்டலம். பிறகு ஒன்றுமில்லை. 11.58க்கு அதே சாவி வேறோர் எண்ணிலிருந்து வந்து சேர்ந்தது. அடுத்த வரியில் 0.2, அதற்கடுத்ததில் 0.2. விடிவதற்குள் 46.4 மில்லிமீட்டர். ஏழு மணிக்குச் சித்தப்பாவே கூப்பிட்டார்.

“ராத்திரி கரண்டு இல்லடா. கணக்கு விட்டுப்போச்சா?”

“பதினேழு நிமிஷம்தான் சித்தப்பா விட்டுச்சு.”

“அந்தப் பதினேழு நிமிஷத்துலதான்டா நல்லாப் பெஞ்சுது” என்றார். மழைமானிக் கணினிக்கு ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டு அந்த வாரமே ஊருக்குப் போனேன்.